எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

"எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?" என்று கேட்டார்கள் நம் முன்னோர். அம்புக்கு அறிவு இல்லை, குறி இல்லை, பகையும் இல்லை. வில்லை வளைத்தவனுக்கே இவையெல்லாம் உண்டு. ஆயினும் அம்பு கண்ணுக்குத் தெரிகிறது. எய்தவனோ மரத்தின் மறைவில் நிற்கிறான். தெரிவதைப் பழிப்பது எளிது. மறைந்திருப்பவனைத் தேடுவது அரிது. எளியதை நாடும் இந்த மனப்பான்மை ஒரு தனி மனிதனிடம் இருந்தால் அது ஒரு குறை. ஊருக்கு உண்மை சொல்ல வந்த செய்தி ஏடுகளிடம் இருந்தால் அது ஒரு கேடு.

அத்தகைய கேடு ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. 'கோடி' என்பது ஒரு கணிப்பொறி மென்பொருளின் பெயர். நம் மொழியில் கோடி என்றால் நூறு இலட்சம். அந்தக் கோடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைப் படைத்தவர்கள் ஒரு காசும் விலை வைக்காமல் உலகுக்கு அளித்தார்கள். அத்தகைய மென்பொருளின் பெயரை, 2016 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில், பிரிட்டனிலும் பிற மேலை நாடுகளிலும் பல செய்தி ஏடுகள் திரைப்படத் திருட்டின் மறுபெயராகவே ஆக்கிவிட்டன. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் பயன் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது, நாளை ஆசிரியராகவும் செய்தியாளராகவும் அலுவலராகவும் போகவிருக்கும் நமக்கு நல்ல பாடமாகும்.

வெற்று அலமாரி

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'எக்ஸ்பாக்ஸ்' என்னும் விளையாட்டுப் பெட்டி 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென அமைந்த அப்பெட்டியில் படமும் பாட்டும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்பிய நிரலாளர் சிலர், 2002-ஆம் ஆண்டில் அதற்கான ஒரு பிளேயரை எழுதத் தொடங்கினர். 2004-ஆம் ஆண்டில் அது 'எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்' என்ற பெயருடன், சுருக்கமாக எக்ஸ்.பி.எம்.சி. என்று, வெளிவந்தது. பின்னர் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று பல தளங்களுக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறிக்கும் பரவியது. பிறந்த வீட்டை விட்டு வெகுதூரம் வந்த பிறகு பழைய பெயர் பொருந்தாமற் போகவே, 2014-ஆம் ஆண்டில் அதற்குக் 'கோடி' என்று புதுப்பெயர் சூட்டினர். எக்ஸ்.பி.எம்.சி. பவுண்டேஷன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு அதன் பெயரைக் காத்து வருகிறது. எழுதுவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்படி அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

இந்த மென்பொருள் செய்யும் வேலை என்ன? நம் வட்டுகளில் சிதறிக் கிடக்கும் படங்களையும் பாடல்களையும் நிழற்படங்களையும் ஒழுங்காக அடுக்கி, வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் அழகாகக் காட்டுவதுதான். தச்சர் செய்து கொடுத்த வெற்று அலமாரி போன்றது அது. அலமாரியில் எந்த நூலை அடுக்குவது என்பது வாங்கியவரின் விருப்பம். கோடியைத் தரவிறக்கிய ஒருவருக்கு அதனுள் ஒரு திரைப்படம்கூடக் கிடைக்காது.

அந்த அலமாரிக்குப் புதிய தட்டுகளைச் சேர்க்கும் வழியும் உண்டு. அவற்றை 'ஆட்-ஆன்' என்பர். துணைநிரல் என்று நாம் சொல்லலாம். பைதான் மொழியில் எழுதப்படும் இச்சிறு நிரல்கள், இணையத்தில் உள்ள ஏதேனும் ஓரிடத்தைக் கோடியோடு இணைத்து வைக்கும். வானிலை அறிவிக்கும் துணைநிரல் உண்டு. வானொலி கேட்பதற்கு உண்டு. யூடியூப் பார்ப்பதற்கு உண்டு. கோடிக் குழுவினர் தம் களஞ்சியத்தில் சேர்க்கும் துணைநிரல்களுக்கு விதி வகுத்திருக்கிறார்கள். உரிமையாளரின் ஒப்புதலின்றிப் படங்களைக் காட்டும் நிரலுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் கட்டற்ற மென்பொருளின் இயல்பு ஒன்று உண்டு. யாரும் துணைநிரல் எழுதலாம். எழுதியதைத் தம் சொந்தக் களஞ்சியத்தில் வைத்து வழங்கலாம். கோடிக் குழுவின் அனுமதி அதற்குத் தேவையில்லை. நூலை அச்சிட யாருடைய இசைவும் தேவையில்லாத நாட்டில் நல்ல நூலும் வரும், நஞ்சு நூலும் வரும் அல்லவா? அவ்வாறே திருட்டுத் துணைநிரல்களும் வந்தன. அவற்றின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதுவதே ஒரு விளம்பரம் என்பது இக்கட்டுரையின் வாதங்களுள் ஒன்று.

ஐவர் செய்த வேலையும் ஒருவர் சுமந்த பழியும்

திருட்டுத் துணைநிரல் வழியாக ஒரு புதுப்படம் ஒரு வீட்டின் திரையில் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதற்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாமவர், உரிமையின்றிப் படத்தைப் படியெடுத்து எங்கோ ஒரு நாட்டுச் சர்வரில் ஏற்றி வைத்தவர். இரண்டாமவர், அத்தகைய ஆயிரக்கணக்கான படங்களின் முகவரிகளைத் தேடித் திரட்டும் துணைநிரலை எழுதியவர். மூன்றாமவர், மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளை மொத்தமாக வாங்கி, அவற்றில் கோடியையும் திருட்டுத் துணைநிரல்களையும் ஏற்றி, "இனிச் சந்தா கட்ட வேண்டாம்" என்று ஆசை காட்டி விற்ற வணிகர். நான்காமவர், அதை வாங்கிப் பார்த்த பயனர். ஐந்தாமவர், கோடியை எழுதிய தொண்டர்.

இந்த ஐவருள் பணம் பண்ணியவர் வணிகர். திருட்டுக்கு வழி கோலியவர்கள் முதல் இருவர். விலை கொடுக்காமல் சுவைத்தவர் நான்காமவர். ஐந்தாமவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. திருடிய படம் எதுவும் அவர் கையைக் கடந்து போகவுமில்லை. ஆயினும் செய்தித் தலைப்பில் அச்சேறியது அவருடைய பெயரே!

பிரிட்டனில் அக்காலத்தில் பெட்டி வணிகர்களைக் காவல்துறையினரும் வணிகக் கண்காணிப்பு அதிகாரிகளும் தேடிப் பிடித்தனர். மிடில்ஸ்பரோ நகரில் அத்தகைய பெட்டிகளை விற்ற ஒரு வணிகருக்கு 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்தி வைக்கப்பட்டது. குற்றம் என்ன? திருட்டு வழிகளை ஏற்றிய பெட்டியை விற்றது. செய்தி ஏடுகள் அப்பெட்டிக்குச் சூட்டிய பெயர் என்ன? 'கோடிப் பெட்டி'! திரைப்படம் காட்டும் பெட்டி எதையும் கோடிக் குழுவினர் செய்து விற்றதே இல்லை. இல்லாத பொருளுக்கு ஒரு பெயர் பிறந்தது. அப்பெயர் அவர்கள் தலையில் விழுந்தது.

இதிலும் வியப்பான ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் 'கோடியைப் பயன்படுத்துவோருக்கு ஆபத்து' என்னும் பாணியில் அச்சுறுத்தல். இன்னொரு பக்கத்தில் எந்தத் துணைநிரல் நின்றுபோயிற்று, அதற்கு மாற்றாக எது வந்துள்ளது என்ற விவரம். தொழில்நுட்பம் எழுதும் இணைய இதழ்கள் சில, 'சிறந்த துணைநிரல்கள்' என்று பட்டியலே போட்டன. அருகிலேயே, முகவரியை மறைத்து இணையத்தில் உலாவ உதவும் வி.பி.என். சேவைகளின் விளம்பரம். தீயணைப்பு வண்டியின் மணியையும் அடித்துக்கொண்டு, தீப்பெட்டியும் விற்பது போன்ற செயல் இது.

ஏன் இப்படி எழுதினார்கள்? காரணத்தைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. இன்று ஓர் ஏட்டின் வருவாய், இணையத்தில் எத்தனை பேர் அதன் தலைப்பைத் தொட்டுத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. மக்கள் தேடும் சொல் தலைப்பில் இருந்தால் தொடுவோர் பெருகுவர். 'உரிமம் பெறாத மூன்றாம் தரப்புத் துணைநிரல் ஏற்றப்பட்ட ஆண்ட்ராய்டுப் பெட்டி' என்று எழுதினால் யார் தொடுவார்? 'கோடி' என்று இரண்டே எழுத்தில் எழுதினால் வேலை முடிந்தது. உண்மைக்கு நீளம் அதிகம்; தலைப்புக்கு இடம் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்டப் பலியானது ஒரு பெயர்.

மறுப்புரைக்கு விடை

"மக்கள் பேசுகிறபடிதானே ஏடுகள் எழுதின? கோடியைப் பெரும்பாலோர் திருட்டுக்குத்தானே பயன்படுத்தினார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடை வேண்டும்.

இணையப் போக்குவரத்தை ஆராயும் கனடா நாட்டுச் சாண்ட்வைன் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வட அமெரிக்க வீடுகளுள் 8.8 விழுக்காட்டில் கோடி இருக்கிறது, அவற்றுள் 68.6 விழுக்காட்டு வீடுகளில் உரிமம் பெறாத படங்களைக் காட்டும் துணைநிரல்கள் உள்ளன என்று அது கணக்கிட்டது. அதாவது கோடி இருந்த மூன்று வீடுகளுள் இரண்டில் திருட்டு வழி இருந்தது. இதை மறைத்து எழுதினால் நானும் அந்த ஏடுகளைப் போலவே ஆவேன்.

ஆனால் இந்த எண் நமக்குச் சொல்வது என்ன? திருட்டு பரவலாக இருந்தது என்பதைச் சொல்கிறது. அதைப் பற்றி ஏடுகள் எழுத வேண்டியது கடமை என்பதையும் சொல்கிறது. அதே எண், மூன்றாவது வீட்டையும் காட்டுகிறது அல்லவா? தன் பிள்ளையின் பிறந்தநாள் காட்சியையும், விலை கொடுத்து வாங்கிய குறுந்தகட்டுப் பாடல்களையும் போட்டுப் பார்த்த வீடு அது. அந்த வீட்டையும் சேர்த்துத் திருடர் வீடு என்று எழுதியது எந்த நியாயம்? மேலும், அந்த இரண்டு வீடுகளில்கூடத் திருட்டு வந்த வழி கோடியின் களஞ்சியமன்று. வெளியிலிருந்து ஏற்றிய துணைநிரல்.

"கதவைத் திறந்து வைத்தவர்மேல் குற்றம் இல்லையா?" என்றும் கேட்கலாம். கோடியின் பதினேழாம் பதிப்பு 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. அறியாத இடத்திலிருந்து வரும் துணைநிரலை, பயனர் தாமே அனுமதித்தாலன்றி ஏற்காத அமைப்பு அதில் சேர்க்கப்பட்டது. அதற்கு மேல் கதவை அடியோடு அடைத்துவிட்டால் அது கட்டற்ற மென்பொருளாக இராது. இணையத்தில் உலாவ உதவும் பிரௌசர் வழியாகவும் திருட்டுப் படம் பார்க்கலாம். அதற்காக எந்த ஏடும் பிரௌசரின் பெயரைத் திருட்டின் பெயராக்கவில்லை. பிரௌசர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. கோடிக்குப் பின்னால் தொண்டர்கள் மட்டுமே இருந்தார்கள்.

நீதிமன்றம் பிரித்தது, செய்தி கலந்தது

கருவியையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்கும் வேலை புதிதன்று. சோனி நிறுவனத்தின் 'பீட்டாமேக்ஸ்' வீடியோப் பதிவுக் கருவியை எதிர்த்து அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1984-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. நல்ல பயன்கள் கணிசமாக உள்ள கருவியை விற்றதற்காக மட்டும், வாங்கியவர் செய்த பதிப்புரிமை மீறலுக்கு விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் சாரம்.

இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2005-ஆம் ஆண்டில், 'க்ரோக்ஸ்டர்' வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் தெளிவாக்கியது. மீறலுக்குத் தூண்டும் நோக்குடன் ஒரு கருவியைப் பரப்புபவர் அதற்குப் பொறுப்பாவார் என்றது. ஆக, கருவி என்ன செய்ய வல்லது என்பது ஒரு கேள்வி. அதை எந்த நோக்கத்துடன் ஒருவர் பரப்பினார் என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் ஒன்றல்ல.

பெட்டி வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டைக் கண்டன. நெதர்லாந்தில் 'ஃபிலிம்ஸ்பீலர்' என்ற பெயரில் பெட்டி விற்ற வணிகர் ஒருவர்மேல் பிரைன் என்னும் அமைப்பு வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று தீர்ப்புரைத்தது. உரிமையின்றி வெளியான படங்களுக்கு இட்டுச் செல்லும் துணைநிரல்களைத் தெரிந்தே ஏற்றிப் பெட்டியை விற்பது, அப்படங்களைப் பொதுமக்களுக்கு வழங்குவதாகவே ஆகும் என்றது. குற்றத்தின் வேர் வணிகரின் அறிவிலும் நோக்கத்திலும் செயலிலும் இருந்தது.

அமெரிக்காவிலும் அவ்வாறே. பெரிய திரைப்பட நிறுவனங்களும் நெட்பிளிக்சும் அமேசானும் சேர்ந்து 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் 'டிக்பாக்ஸ் டிவி' என்ற பெட்டி நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தன. 2018-ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. அப்பெட்டியில் ஓடியது கோடிதான். ஆனால் கோடியை எழுதியவர்களை வாதிகள் கூண்டில் ஏற்றவில்லை. பணம் இழந்தவர்களுக்கே எதிரி யார் என்பது தெரிந்திருந்தது! செய்தி எழுதியவர்களுக்கு மட்டும் தெரியாமற் போனது எப்படி?

பெயரே செல்வம்

"தலைப்பில் ஒரு சொல் தவறினால் என்ன கெட்டுவிடும்?" என்று எண்ணுவோர் உண்டு. கெட்டது என்ன என்று பார்ப்போம்.

ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கட்டடம் உண்டு. வங்கியில் பணம் உண்டு. அவதூறு வந்தால் விளம்பரம் கொடுத்து மறுக்க ஆள் உண்டு. விலையின்றி வழங்கப்படும் மென்பொருளுக்கு அவற்றுள் எதுவும் இல்லை. அதற்கு இருக்கும் ஒரே சொத்து அதன் பெயர்தான். அப்பெயரை நம்பித்தான் புதிய நிரலாளன் ஒருவன் உழைக்க வருகிறான். நன்கொடை தருபவர் தருகிறார். ஒரு வானொலி நிலையம் தன் துணைநிரலை எழுதித் தருகிறது. அந்தப் பெயரைத் திருட்டோடு ஒட்டிவிட்டால் இந்த மூன்று வாயில்களும் அடைபடும்.

அடைபடவும் செய்தன. அமேசான் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் தன் செயலிக் கடையிலிருந்து கோடியை நீக்கியது. திருட்டுக்குத் துணை போகக்கூடும் என்பது அது சொன்ன காரணம். கூகுள் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில், நாம் சில எழுத்துகளைத் தட்டும்போதே தேடுசொல்லை முடித்துக் காட்டும் வசதியிலிருந்து கோடியின் பெயரை விலக்கியது. மென்பொருளின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது அதன் பெயரைப் பற்றிய எண்ணம்.

இதற்கிடையே அத்தொண்டர்கள் வாளாவிருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெட்டி வணிகர்களையும் அவர்களுக்கு விளம்பரம் செய்வோரையும் கண்டித்து வெளிப்படையாகவே எழுதினர். பெட்டியை வாங்கியவர்கள், துணைநிரல் பழுதானதும், அதை விற்றவரை விட்டுவிட்டுக் கோடிக் குழுவினரிடமே வந்து சண்டையிட்டனராம்! காசு ஓரிடம், ஏச்சு ஓரிடம்.

பயன் பெற்றவர் யார்? பெட்டி வணிகர். விளம்பரத்துக்கென ஒரு பணமும் செலவிடாமல், நாடெங்கும் அறிந்த ஒரு பெயர் அவருடைய சரக்குக்குக் கிடைத்தது. 'கோடிப் பெட்டி' என்று ஏடுகள் எழுத எழுத, அப்படி ஒரு பொருள் உண்டு என்று அறியாதவரும் அறிந்துகொண்டனர். திருட்டைக் கண்டித்த செய்தி திருட்டுச் சரக்குக்கு விலாசம் தந்தது. அஞ்சியவர் நல்ல மென்பொருளை விட்டு ஓடினார். ஆசைப்பட்டவர் திருட்டுப் பெட்டியைத் தேடி ஓடினார். படம் எடுத்தவருக்கும் இதனால் நன்மையில்லை; மென்பொருள் எழுதியவருக்கும் நன்மையில்லை.

இதோடு இன்னொரு தீங்கும் சேர்ந்தது. உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை மக்கள் அறியாமற் போயினர். 2017-ஆம் ஆண்டு மே மாதம் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், படத்தின் அடியில் வரும் வசன எழுத்துக் கோப்பு வழியாகக் கணிப்பொறியைக் கைப்பற்றலாம் என்று எச்சரித்தது. அப்பழுது விஎல்சி, கோடி உள்ளிட்ட நான்கு பிளேயர்களில் இருந்தது. அது மென்பொருளின் பழுது. கோடிக் குழுவினர் திருத்திய பதிப்பை உடனே வெளியிட்டனர். பயனர் செய்ய வேண்டியது புதிய பதிப்புக்கு மாறுவது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈசெட் நிறுவனம் வேறொன்றைக் கண்டறிந்தது. வெளிக் களஞ்சியங்களிலிருந்து ஏற்றிய துணைநிரல்கள் சில, பயனர் அறியாமல் அவர் கணிப்பொறியில் மின்னணு நாணயம் தோண்டும் நிரலைப் புகுத்தின. இது துணைநிரலின் தீங்கு. பயனர் செய்ய வேண்டியது அக்களஞ்சியங்களை விட்டு விலகுவது. நோய் வேறு, மருந்தும் வேறு. இரண்டையும் ஒரே பெயரிட்டு அழைத்தால் எந்த நோய்க்கு எந்த மருந்தை உண்பது?

நம் நாட்டிலும்

இது மேலை நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் மாணவர் பலருடைய கணிப்பொறியிலும் இருக்கும் விஎல்சி பிளேயரை எடுத்துக் கொள்வோம். அதுவும் கட்டற்ற மென்பொருளே. அதைத் தொடங்கியவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள்! பாரிசு நகருக்கு அருகில் உள்ள எக்கோல் சென்ட்ரால் கல்லூரியில் 1996-ஆம் ஆண்டில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய அம்முயற்சி, 2001-ஆம் ஆண்டில் பொது உரிமத்தின்கீழ் உலகுக்கு வழங்கப்பட்டது.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அதன் இணையத்தளத்தை இந்தியாவில் திறக்க முடியவில்லை. ஆகஸ்டு மாதம் செய்தி வெளிவந்தபோது, 'விஎல்சிக்குத் தடை' என்று தலைப்புகள் முழங்கின. சிக்காடா என்ற பெயரால் அறியப்படும், சீனத் தொடர்புடையதாகக் கருதப்படும் ஊடுருவல் குழுவோடு அச்செய்தியைப் பல ஏடுகள் முடிச்சிட்டன. அக்குழுவைப் பற்றி 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிமாண்டெக் ஆய்வாளர் சொன்னது என்ன? அக்குழு, தான் புகுந்த கணிப்பொறியில் உண்மையான விஎல்சி நிரலைத் துணையாக்கிக்கொண்டு தன் தீய நிரலை ஏற்றியது என்பதே. திருடன் வீட்டுக்காரரின் ஏணியிலேயே ஏறினான். ஏணி செய்த தச்சர்மேல் ஐயம் விழுந்தது. மேலும், தடுக்கப்பட்டது இணையத்தளமே. வீடுகளில் இருந்த விஎல்சி தொடர்ந்து இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எழுதிய வீடியோலேன் அமைப்பு, இன்டர்நெட் ஃபிரீடம் பவுண்டேஷனின் உதவியோடு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பின்னர், 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அத்தடை நீங்கியது. தடைச் செய்தி பரவிய வேகத்தில் தடை நீங்கிய செய்தி பரவவில்லை. விஎல்சி ஆபத்தானது என்று இன்றும் சொல்வோர் உண்டு.

செய்ய வேண்டுவது என்ன?

மாணவ நண்பர்களே! திருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. படத் திருட்டு திருட்டே. ஒரு படத்தின் பின்னால் நாயகர் மட்டுமல்லர், விளக்குத் தூக்குபவர், சமையற்காரர், சண்டைக் கலைஞர், படத்தொகுப்பாளரின் உதவியாளர் என்று நூறு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் உழைப்பை விலையின்றி நுகர்வதைப் 'புரட்சி' என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. அதே அறத்தின் மறுபக்கத்தைத்தான் நான் கேட்கிறேன். திரைப்படக் கலைஞரின் உழைப்பைத் திருடுவது குற்றமென்றால், தொண்டரின் பெயரைத் திருடுவதும் குற்றமன்றோ?

செய்தி எழுதுவோரிடம் நாம் கேட்பது பெரிதன்று. பெட்டி விற்றவர் பிடிபட்டால் 'பெட்டி வணிகர்' என்று எழுதட்டும். துணைநிரல் திருட்டுக்கு வழிகாட்டினால் அது யாருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது என்று எழுதட்டும். மென்பொருளிலேயே பழுது இருந்தால் அதன் பெயரைத் தலைப்பிலேயே போடட்டும்; அப்போது பழி நியாயமானது. குற்றம் சாட்டப்பட்ட கருவியை எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்ட பின் அச்சிடட்டும். தலைப்பு இரண்டு சொல் நீண்டுபோகும், போகட்டுமே!

வாசகராகிய நமக்கும் கடமை உண்டு. யார் சொன்னாலும் சொல்லின் பின்னுள்ள பொருளைத் தேட வேண்டும் என்பது நம் மரபு. ஒரு கருவியின் பெயரோடு குற்றச்செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இக்கருவி தானாக இதைச் செய்ததா, அல்லது இதற்குள் வேறொருவர் எதையேனும் புகுத்தினாரா? இதனால் பணம் சேர்த்தவர் யார்? நீதிமன்றத்தில் நிற்பவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை தராத செய்தியை மற்றவரிடம் பரப்பாமல் விடுவோம்.

நம் கல்லூரியிலிருந்தும் நாளை யாரேனும் ஒரு மாணவரோ மாணவியோ ஊருக்குப் பயன்படும் நிரல் ஒன்றை எழுதி விலையின்றி வழங்கக்கூடும். அதை யாரோ ஒருவர் தவறாகப் பயன்படுத்தவும் கூடும். அன்று எழுதியவரின் பெயர் குற்றவாளியின் பெயரோடு கலந்து அச்சேறினால், அடுத்த நிரலை எழுத யார் முன்வருவார்? கொடுக்கும் கையைச் சுட்டால் கொடை நின்றுபோகும். எய்தவனைத் தேடும் உழைப்பை ஏடுகள் மேற்கொள்ளட்டும். தேடாத ஏட்டைக் கேள்வி கேட்கும் துணிவை நாம் மேற்கொள்வோம்.